அண்ணாச்சிமாரே, கொட்டாரத்துக்கு ஒன்பது மணிக்கு வாங்க

நாங்கள் கொட்டாரம் என்று சொல்லும் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா வண்டி கொண்டுவரும் ஓட்டுநர்களுக்கும், அந்த வண்டிகளுக்கு டிரிப் போட்டுக்கொடுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம். நான் அரண்மனையைச் சுற்றியிருக்கும் கோட்டைக்குள் குடியிருக்கிறவன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் உங்கள் வண்டிகள் திரும்பி வருவது தெரியும். ஒன்பது மணிக்கு ஒன்றிரண்டு கார் வரும். பத்தரை வாக்கில் ஒரு வேன். பதினொன்றரைக்குத்தான் திருவிழா தொடங்கும். மதுரை வண்டி, சேலம் வண்டி, திருவனந்தபுரத்திலிருந்து வருகிற வண்டி, நடுவில் பள்ளிக்கூடப் பேருந்து இரண்டு மூன்று, எல்லாம் முக்கால் மணி நேரத்துக்குள் வந்து இறங்கும். தெருவில் சைக்கிள் போக இடம் இருக்காது. வண்டியிலிருந்து இறங்குகிறவர்களிடம் நீங்கள் சொல்வதும் காதில் விழும்: "இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்திங்க, லைன்ல நிக்கணும்."

அந்தக் கூட்டத்தைக் கொண்டுவந்தது நீங்கள்தான் அண்ணாச்சி. கோபத்தில் சொல்லவில்லை. பொழுதெல்லாம் திண்ணையில் இருந்து பார்ப்பவனுக்குத் தெரிவது வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரியாது. ஒரு நாளில் வரும் மொத்தப் பேரையும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பரப்பிவிட்டால் சாதாரண நாளில் பெரிய வரிசையே இருக்காது. எல்லோருடைய டிரிப் ஷீட்டிலும் கொட்டாரம் ஒரே இடத்தில் வருகிறது, அதுதான் சங்கதி. கன்னியாகுமரியில் சூரிய உதயம், டிபன், எட்டு மணிக்குப் படகு, விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, நடை சாத்துமுன் சுசீந்திரம், அப்புறம் பத்மநாபபுரம். இங்கே வரும்போது மணி பன்னிரண்டைத் தொடும். ஒரு மணியை ஒட்டி உள்ளே இடைவேளை விட்டுவிடுவார்கள், திரும்ப இரண்டு மணிக்குத்தான். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் உள்ளே போய் வெளியே வந்தாக வேண்டும் என்று நிற்கிறீர்கள்.

கட்டடம் அதற்குத் தோதானதா என்றால், சுத்தமாகக் கிடையாது. மைசூர் அரண்மனை மாதிரி பெரிய பெரிய கூடங்களை நினைத்துக்கொண்டு வராதீர்கள். இது மரவீடு. 1601 வாக்கில் இரவிவர்மா கட்டத் தொடங்கியது, தாய்க் கொட்டாரம் அதைவிடவும் பழையது என்பார்கள். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா 1740களில் இதைப் பெரிதாக எடுத்துக் கட்டினார். பிறகு நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்தார். கல்குளம் என்று இருந்த ஊர் பத்மநாபபுரம் ஆனது அப்படித்தான். ஆளுக்கு ஒரு காலத்தில் கட்டிய மாளிகைகளை நடைவழிகளால் கோத்திருக்கிறார்கள். ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாக வரவேண்டும். வாசல்கள் தணிவு, குனியாவிட்டால் நெற்றியில் இடிக்கும். பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்திலிருந்து மேலே மந்திரசாலைக்கு ஏறும் மரப்படி செங்குத்தானது, ஒருவர் ஏறின பிறகுதான் அடுத்தவர் கால் வைக்கமுடியும். தன்னை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்கிற பிரபுக்களோடு மல்லுக்கட்டின ராஜா, மந்திரிகளோடு ரகசியம் பேசும் அறைக்கு அகலமான படியா கட்டுவார்? அவர் கட்டினது ஆட்களை ஒவ்வொருவராக விடுவதற்கு. நீங்கள் கொண்டுவந்து இறக்குவது முந்நூறு பேரை.

அந்தப் படிதான் வரிசைக்கு மூலகாரணம். டிக்கெட் கவுண்டரில் இன்னும் நாலு பேரைப் போட்டாலும் இது தீராது. வேகமாக டிக்கெட் கொடுத்தால் வேகமாகப் படியடியில் போய்த் தேங்குவார்கள், அவ்வளவுதான்.

என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். எண்பதைத் தொடப்போகிற வயசு. கல்யாணம் ஆகிக் கோவில்பட்டிக்குப் போய் ஐம்பது வருசம் ஆயிற்று, ஆனாலும் பேச்சில் "மக்கா" போகவில்லை. சின்ன வயதில் எப்போதோ பார்த்த கொட்டாரத்தைச் சாகுமுன் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று, தெருக்காரர்கள் பதினெட்டுப் பேரோடு ஒரு டூரிஸ்ட் வேனில் வந்தாள். மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை. வேன் வந்து நின்றபோது மணி பன்னிரண்டு அடித்திருந்தது. நான் வாசலில் காத்திருந்து சேர்ந்துகொண்டேன்.

செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உச்சி வெயில், முற்றத்து மணல் கொதித்தது. பெரியம்மா ஒரு காலை எடுத்து இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றாள். பூமுகத்துக்குள் கால் வைப்பதற்குள் நாற்பது நிமிசம். உள்ளே போன பிறகு நிற்க விடவில்லை, பின்னால் இருந்தவர்கள் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். குதிரை விளக்கு அவள் தலைக்கு மேலேயே தொங்கியது, அண்ணாந்து பார்க்குமுன் நகர்த்திவிட்டார்கள். மந்திரசாலையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தமும் நின்றார்கள். ஜன்னலும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. இடைவேளைக்கு நேரமாயிற்று என்று கடைசிப் பகுதியெல்லாம் ஓட்டமும் நடையும்தான். வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "ஏ மக்கா, நான் பாத்ததெல்லாம் ஆளுக முதுகுதான். கொட்டாரம் எங்க இருக்கு?"

அந்த வண்டிக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரிடம் கொடுத்த ஷீட்டில் இருந்தபடி ஓட்டினார். தப்பு என்னுடையதும்தான். உள்ளூர்க்காரன், காலையில் வந்து சேருங்கள் என்று போனில் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

வேனை அனுப்பிவிட்டு பெரியம்மாவை வீட்டில் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் திங்கள், கொட்டாரத்துக்கு வார விடுமுறை. (இதையும் உங்களில் பாதிப் பேர் மறந்துவிடுகிறீர்கள். சனி ஞாயிறு கன்னியாகுமரியில் கழித்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் திங்கட்கிழமை பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போகிற வண்டிகளை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.) செவ்வாய் காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போது இரண்டு பேரும் வாசலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நாலே பேர்.

பூமுகத்தில் அவளை நிற்கவிட்டேன். மச்சில் செதுக்கியிருக்கும் பூக்கள் மொத்தம் 90 விதம், ஒன்று போல் ஒன்று கிடையாது. அவள் எண்ணத் தொடங்கிப் பதினேழில் விட்டுவிட்டாள். குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும் என்று அங்கிருந்த பணியாளர் பாதி மலையாளத்திலும் பாதி எங்கள் ஊர்த் தமிழிலும் விளக்கினார். சீன வியாபாரிகள் கொடுத்த நாற்காலி, ஓணத்துக்கு வந்த வில்கள், வழவழவென்ற கருங்கல் கட்டில் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் இவை இதே இடத்தில்தான் இருந்தன.

அப்புறம் அந்தப் படி. பின்னால் யாரும் இல்லை, ஆகவே அவளால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மூச்சு வாங்கி ஏற முடிந்தது. மந்திரசாலையின் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் நிறநிறமான அப்பிரகத் தகடுகள். காலை வெயில் அதன் வழியாக உள்ளே வரும்போது அறையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு மங்கலான வெளிச்சம் இருக்கும். கறுத்த தரையில் அது அப்படியே விழுந்து கிடக்கும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்பார்கள். இத்தனை வருசம் இத்தனை கால் பட்டும் முகம் தெரிகிறது. பெரியம்மா குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "குளுகுளுன்னு இருக்கு" என்றாள். ஒரு ஐந்து நிமிசம் பேச்சே இல்லை. அந்த ஐந்து நிமிசத்தைத்தான் நீங்கள் பன்னிரண்டு மணிக்குக் கொடுக்க முடியாது.

ஊட்டுபுரையில் வேறு கூத்து. மேலும் கீழுமாக இரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்ட இடம். ஊறுகாய் போட்டு வைக்கும் பெரிய பரணிகள் இன்னும் இருக்கின்றன. ஒரு பரணிக்கு எத்தனை மாங்காய் பிடிக்கும், உப்பு எவ்வளவு என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். தாய்க் கொட்டாரத்தில் பலாமரத் தூணை விட்டு நகரவில்லை. உப்பிரிகை மாளிகையில் 64 வகை மூலிகை மரங்களால் செய்ததாகச் சொல்லும் மருத்துவக் கட்டிலைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு ராத்திரி படுத்தா என் முட்டுவலி போயிருமா?" என்று பணியாளரிடம் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். முழுவதையும் பார்த்து வெளியே வரும்போது பதினொன்றே கால். வாசலில் உங்கள் வண்டிகள் வரத் தொடங்கியிருந்தன.

இதனால் நான் கேட்பது ஒன்றுதான்: ஷீட்டைத் திருப்பிப் போடுங்கள். கன்னியாகுமரியில் உதயம் பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வண்டியை எடுங்கள். நாகர்கோவிலில் டிபன். அங்கிருந்து தக்கலை வந்து திரும்பினால் இரண்டு கிலோமீட்டரில் கோட்டை. ஒன்பதுக்கு உள்ளே போனால் பதினொன்றுக்குள் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். போகிற வழியில் சுசீந்திரம், தாணுமாலயசாமி நடை சாத்துமுன் பிடித்துவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கன்னியாகுமரிப் படகு.

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். ஒரு ஓட்டுநர் அண்ணாச்சி டீக்கடையில் வைத்து என்னிடம் சொல்லியும்விட்டார்: "படகு லைன் காலைலதான் கம்மி. மத்தியானம் போனா அங்க மாட்டிக்குவோம். கண்ணாடிப் பாலம் வந்ததுல இருந்து சொல்லவே வேண்டாம்." நியாயமான பேச்சுதான். 2024 டிசம்பர் கடைசியில் பாறைக்கும் சிலைக்கும் நடுவில் பாலம் திறந்தது முதல் அங்கே கூட்டம் கூடித்தான் போயிருக்கிறது. மாலை நாலு மணிக்கு மேல் படகுக்கு டிக்கெட்டும் கிடையாது, கடல் சரியில்லை என்றால் படகே கிடையாது. இரண்டு இடத்திலும் ஒரே நாளில் வரிசையில்லாமல் பார்க்க வழி இருக்கிறதா என்றால், விடுமுறை நாளில் இல்லை என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். படகுக்கு நின்றாலும் பாறையில் போய் இறங்கினால் காற்று இருக்கிறது, கடல் இருக்கிறது, நடக்க இடம் இருக்கிறது. கூட்டத்தோடு பார்த்தாலும் கடல் கடல்தான். கொட்டாரம் அப்படியில்லை, உள்ளே நாற்பது பேர் ஒரு அறையில் நின்றால் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது. இரண்டில் ஒன்றுக்கு வெயிலில் நின்றுதான் தீரவேண்டும் என்றால் படகுக்கு நில்லுங்கள். கன்னியாகுமரியில் ஒரு ராத்திரி தங்குகிற கூட்டம் என்றால் பிரச்சினையே இல்லை. ஒரு நாள் காலை படகு, மறுநாள் காலை கொட்டாரம். உதயம் பார்க்க எழுப்பிவிட்ட பயணிகளை எட்டு மணி வரை லாட்ஜில் உட்கார வைப்பதை விட இது மேல்.

திருவனந்தபுரத்திலிருந்து வருபவர்கள் கதை கொஞ்சம் வேறு. பத்மநாபசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம் என்பார்கள், அங்கே எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர் கையில். ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் அந்தச் சாலையில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளவேண்டும். அவர்கள் பதினொன்றுக்கு முன் வருவது கஷ்டம். அப்படியானால் மதியத்துக்கு வாருங்கள். பன்னிரண்டுக்கு வந்து கதவில் முட்டவேண்டாம். பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு, அப்புறம் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. நிழல் உண்டு, பிள்ளைகள் ஓடியாட இடம் உண்டு. அதைப் பார்த்து, தக்கலையில் சாப்பிட்டு, இரண்டேகாலுக்கு மேல் வாருங்கள். இரண்டு மணிக்குக் கதவு திறக்கும்போது காத்திருந்தவர்கள் முதலில் போகட்டும், அந்த அலை போன பின்னால் நீங்கள் போங்கள். மூன்றரைக்கு மேல் தள்ளாதீர்கள். நாலு மணியை ஒட்டி டிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள், நாலரைக்கு மூடல்.

பள்ளிக்கூட வண்டிகளுக்கு ஒரு தனி வேண்டுகோள். ஐம்பது பிள்ளைகளையும் ஒரே சரமாக உள்ளே விடாதீர்கள். அரண்மனை வளாகத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது, கல்வெட்டும் சிற்பமும் அங்கே உண்டு. பாதிப் பேர் முதலில் அங்கே, பாதிப் பேர் உள்ளே, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கும் கத்தித் தொண்டை கட்டாது. பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள், பூமுகத்துப் பூக்களை எண்ணச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையாவது தொண்ணூறு எண்ணிவிட்டால் எனக்கும் சொல்லுங்கள், நான் இன்னும் எண்ணி முடித்ததில்லை.

கார்த்திகையும் மார்கழியும் ஐயப்ப சாமிமார் வரும் காலம். சபரிமலை போகிற வழியிலும் வருகிற வழியிலும் கன்னியாகுமரி, சுசீந்திரம், பத்மநாபபுரம் என்று ஒரு சுற்று வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு மாதமும் இங்கே செவ்வாய், புதன் என்று எதுவும் கிடையாது, எல்லாம் ஞாயிறுதான். அப்போதும் ஒன்பது மணி ஒன்பது மணிதான், ஆனால் எட்டரைக்கே வந்து நிற்கவேண்டியிருக்கும். பெரியம்மாவுக்கு நாலு பேர்தான் முன்னால் நின்றார்கள் என்றால் அது எங்கள் அதிர்ஷ்டம், எல்லா நாளும் அப்படி வாய்க்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

நவராத்திரிக்கு முன்னால் சாமி புறப்படும் நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பர் கும்பிட்டது என்று சொல்லும் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூன்றும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படும். உப்பிரிகை மாளிகையில் வைத்து ராஜாவின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். 1956இல் எல்லை பிரித்தபோது ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, கொட்டாரம் கேரளத் தொல்லியல் துறையின் கையிலேயே நின்றுகொண்டது. அன்றைக்கு இரண்டு மாநிலத்துப் போலீசும் வரிசையில் நின்று மரியாதை செலுத்துவதைப் பார்க்கலாம். அறைகளை நிதானமாகப் பார்க்கும் நாள் அதுவல்ல. யானையையும் பல்லக்கையும் பார்க்க வாருங்கள், வண்டியைத் தக்கலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

சீட்டுப் பதியும்போதே பயணிகளிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள்: மரப்படி ஏறவேண்டும், செருப்பில்லாமல் நடக்கவேண்டும். முட்டுவலிக்காரர்கள் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். இங்கே வந்து படியடியில் நின்று முடிவு செய்தால் பின்னால் நிற்கிற எழுபது பேருக்கும் அதுதான் தாமதம்.

அடுத்த மாசம் பெரியம்மாவின் தங்கச்சி வருகிறாள், அதே தெருவிலிருந்து, அதே வேனில். ஓட்டுநரிடம் பேசிவிட்டேன். ஒன்பது மணிக்கு வந்து நிற்பேன் என்று சொல்லியிருக்கிறார், டிராவல்ஸ்காரர்தான் இன்னும் சரி சொல்லவில்லை.

இப்படிக்கு,
கோட்டைக்குள் திண்ணை வைத்த வீட்டுக்காரன்,
பத்மநாபபுரம்.

பி.கு.: புதிதாக இந்தப் பக்கம் ஓட்டுகிற தம்பிமாருக்கு. நாங்கள் பழக்கத்தில் "கொட்டாரம்" என்றுதான் சொல்வோம், இந்த மடலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் வழி கேட்கும்போது அப்படிக் கேட்காதீர்கள். கன்னியாகுமரி போகிற வழியில் கொட்டாரம் என்றே ஒரு ஊர் இருக்கிறது. போன வைகாசியில் ஒரு வண்டி அங்கே போய் அரை மணி நேரம் அரண்மனையைத் தேடியிருக்கிறது. "தக்கலை, பத்மநாபபுரம் அரண்மனை" என்று கேளுங்கள்.